அம்மா தயிர் சாப்பிட்டதால் சாகவில்லை

அம்மாவின் இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, நாலு பேரு வீட்டுல வச்சுப் பாக்குத புத்தகம். நல்லவிதமா எழுது" என்றார். நல்லவிதமாகத்தான் எழுதப்போகிறேன். அம்மாவின் பிறப்பு, உழைப்பு, குணம், கடைசி நாட்கள் எல்லாம் வரும். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி எதையும் என்னால் எழுத முடியாது.

அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்தில், நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் நிற்பது தெரியாமல் நம் உறவுக்காரர்கள் சிலர் பந்தலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "காசியில விட்டதத் திரும்பத் தொடலாமா? தொட்டா. போய்ட்டா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு ஊரைத் தாண்டிவிட்டது. விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என்னிடமே கேட்டார்: "தயிரு சாப்பிட்டு இறந்துபோனது உங்க அம்மையா தாயி?"

இந்த ஒரு வருடமாக யாருக்கும் பதில் சொல்லவில்லை. துக்க வீட்டில் வாயாட வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். இன்று முதலாண்டு நினைவு நாள். துக்கம் கழிந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இனி வாயாடலாம்.

அம்மா பிறந்தது விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டிய ஒரு கரிசல் ஊரில். சிறுமியாக இருந்தபோது மூட்டு வீக்கத்தோடு ஒரு காய்ச்சல் வந்து நெடுநாள் படுத்திருந்தார். அந்தக் காய்ச்சல் போகும்போது இருதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அது பிறகு எவ்வளவோ காலம் கழித்துத்தான் தெரிந்தது. இந்த இரண்டு வரியைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசித்துவிட்டு மேலே போகவும்.

பிறந்த வீட்டில் அம்மாவுக்குத் தயிர்ப் பைத்தியம் என்று பெயர். கம்மஞ்சோற்றில் கெட்டித் தயிரை ஊற்றிப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாராம். "உங்கம்மைக்குத் தயிர ஊத்திக் குடுத்தா கரிசக்கட்டியக்கூடத் தின்னுருவா" என்று தாய்மாமா இன்றைக்கும் சொல்வார். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரை. கணக்கில் கெட்டி. கல்யாணமாகி வந்தது புதூர்ப் பக்கம், எங்கள் ஊருக்கு.

வந்த நாளிலிருந்து அம்மா சும்மா உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. உளுந்துக் காட்டில் களையெடுப்பு, மிளகாய்ப் பழம் எடுப்பு, அது முடிந்து வந்து வீட்டில் இரண்டு மாடு. மானாவாரிப் பூமியில் மழை ஏமாற்றிய வருடங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அந்த மாடுகள்தான். சொசைட்டிக்குப் போனது போக மிஞ்சும் பாலை உறைக்கு ஊற்றுவதும் மோர் சிலுப்புவதும் அம்மா கை. அம்மா ஊற்றும் உறை புளித்ததாக ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

வாயும் சும்மா இராது. அப்பா போனில் செய்தி பார்க்க ஆரம்பித்தால் யார் வந்து கூப்பிட்டாலும் காதில் விழாது. வாசலில் யாராவது, "அண்ணாச்சி இருக்காகளா?" என்று கேட்டால் அம்மா உள்ளேயிருந்தே, "இருக்காக, உலகத்தக் காப்பாத்திக்கிட்டு. முடிஞ்சதும் வரச் சொல்லுதேன்" என்பார். கேட்டவரோடு சேர்ந்து அப்பாவுக்கும் சிரிப்பு வரும்.

இனி காசி விஷயம். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து டூர் அண்ணாச்சி ஒருவர் ஆள் சேர்த்துக் காசிக்குக் கூட்டிப்போனார். அப்பா, அம்மா, பெரியப்பா, அப்பாவுடன் பிறந்த அத்தை எல்லாரும் போனார்கள். காசிக்குப் போனால் பிடித்த பண்டம் எதையாவது அங்கே விட்டுவிட்டு வரவேண்டும், பிறகு ஆயுளுக்கும் அதைத் தொடக் கூடாது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். நம் ஆட்கள் அதை எப்படிச் செய்வார்கள் என்பதும் தெரியும். அப்பா விட்டது பாகற்காய். பிறந்ததிலிருந்து அவர் பாகற்காயை வாயில் வைத்ததில்லை. அத்தை விட்டது எங்கள் சந்தைக்கே வராத நூக்கல். பெரியப்பா விட்டது கிவிப் பழம். புதூர்ப் பக்கம் கிவிப் பழத்துக்காக ஏங்கிச் செத்தவர் யார்?

அம்மாவின் முறை வந்தபோது தண்ணீரைக் கையில் எடுத்து, "தயிர்" என்று சொல்லிவிட்டார். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா, "வெளையாடாத, கத்திரிக்கான்னு மாத்திச் சொல்லு" என்றாராம். அதற்குள் தண்ணீரை விட்டாயிற்று.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் அத்தை எங்கள் வீட்டு முற்றத்தில் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார்.

"தயிர விட்டுட்டேல்லா தாயி. அப்பம் மோரு?"

"மோரும் தயிருதான மதினி" என்றார் அம்மா.

"வெண்ணெ, நெய்யி?"

"அதுவும் அதுல இருந்துதான வருது."

"சரி, பாலு?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "பாலு தயிராவுததுக்கு முன்னாடில்லா இருக்கு."

"முன்னாடி என்ன, பின்னாடி என்ன. எல்லாம் ஒரே மடிதான?"

தீர்ப்பு முடிந்தது. கங்கைக் கரையில் அம்மா விட்டது தயிர் ஒன்று. புதூர் முற்றத்தில் அத்தை விட வைத்தது பால், மோர், வெண்ணெய், நெய், பாயசம், பால் ஊற்றிய டீ, எல்லாம். அன்றிலிருந்து அம்மாவுக்குக் காலையும் மாலையும் கடுங்காப்பி. கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அம்மா ஐஸ்கிரீம் கப்பைக் கையில் எடுத்தபோது, அத்தை அத்தனை பேர் முன்னால் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தார். "அத்தை, அதில் பாலே கிடையாது, முழுக்கப் பாமாயில்" என்று நான் சொன்னேன். "நீ படிச்சவ, பேசுவ" என்றார். படித்ததற்காக நான் வாங்கிய திட்டுகளில் அதுவும் ஒன்று.

அம்மாவின் தட்டில் அதன்பிறகு என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வாரத்தில் பாதி நாள் ஏதாவது விரதம். முட்டை கிடையாது, மீன் கிடையாது. மழையில்லாத மாதங்களில் எங்கள் ஊரில் கீரை கிடைப்பதே அபூர்வம். இருந்த ஒரே சத்து அந்தத் தயிரும் மோரும்தான் என்று அப்போது நினைத்திருந்தேன். அதையும் எடுத்தால் மிஞ்சுவது சோறு, ரசம், ஊறுகாய். காட்டு வேலை செய்கிற உடம்புக்கு அதுதான் தீனி. இந்த அழகில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், 'பால் ஒரு வெள்ளை விஷம்' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் வாராவாரம் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் நாள் முழுக்கக் குடிப்பது பால் டீ.

ஒருநாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வழுக்கிக் கையை ஊன்றினார். அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. கோவில்பட்டிக்குக் கொண்டுபோனோம். மாவுக்கட்டுப் போட்டுவிட்டு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை மறுபடி பார்த்தார்.

"இந்த விழுகைக்கெல்லாம் எலும்பு முறியக் கூடாதேம்மா. பால், தயிரு சாப்பிடுதீங்களா?"

"விட்டுட்டேன்மா."

"யாரு விடச் சொன்னா? வேற டாக்டரா?"

"காசியில."

"காசியில எந்த ஆஸ்பத்திரி?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மலரை வாங்கிப் போகிற பாதிப் பெண்களுக்கு இது தேவை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலியும். அந்த வயதில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் தினமும் உள்ளே போகவேண்டும், விசேஷ நாளில் மட்டும் அல்ல. நம் சாப்பாட்டில் இரண்டையும் சேர்த்து, கை எட்டுகிற தூரத்தில் தருவது பாலும் தயிரும் மோரும். பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தயிர் ஒத்துக்கொள்ளும். சீனி கொட்டிய டீயில் விடும் பால் கணக்கில் சேராது. நெய் ருசிக்கு, கொஞ்சம் போதும். அதில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. பாலையே தொட முடியாதவர்கள் கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி, முட்டை என்று தேடிச் சாப்பிடவேண்டும். "ஒண்ண விட்டா வேற ஒண்ணப் பிடிக்கணும்மா. நீங்க எல்லாத்தையும்லா விட்டுட்டு வந்திருக்கீங்க" என்றார்.

அதே ஆஸ்பத்திரியில்தான் அம்மாவின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தவர்கள் இருதய வால்வு விஷயத்தையும் கண்டுபிடித்தார்கள். பழைய பழுது, மாத்திரையில் ஓட்டலாம், ஆபரேஷன் இந்த உடம்பு தாங்குமா தெரியவில்லை என்றார்கள். அதாவது, அம்மா மறுபடி தயிரைத் தொடுவதற்கு முன்பே அந்த வால்வு கெட்டிருந்தது. தேதி வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டில் இருக்கிறது. வந்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்து நான் டூர் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். விட்டதைத் திரும்ப எடுக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன்.

"தயிர விட்ட ஆள இப்பந்தான் தாயி கேள்விப்படுதேன். வெண்டிக்கா, அவரக்காதான் விடுவாக."

"இப்ப சாப்பிடலாமா, கூடாதா அண்ணாச்சி?"

"நான் டிக்கெட் போடுத ஆளு. பாவ புண்ணியத்துக்கு எங்கிட்ட ரீஃபண்டு கிடையாது" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒடம்பக் கெடுக்கச் சொல்லி எந்தச் சாமி கேட்டுச்சு? அம்மையச் சாப்பிடச் சொல்லு" என்றார்.

அதை அம்மாவிடம் சொன்னேன். அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் பிடிக்காததை விட்டுட்டு வந்தாங்க. உனக்கு மட்டும் என்ன அவ்வளவு பக்தி?" என்று கேட்டேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"பக்தி என்ன பக்தி. இந்த வீட்டுல நான் என்னைக்குட்டி தயிரு சாப்பிட்டிருக்கேன்? அவிய உக்காருவாக, ஒங்கண்ணன் உக்காருவான், நீ உக்காருவ, வந்தவுக போனவுக உக்காருவாக. கடைசியா உக்காருதவளுக்குச் சட்டியில என்ன இருக்கும்? சட்டிதான் இருக்கும். தண்ணிய ஊத்திக் கழுவிக் குடிப்பேன். இல்லாததுக்கு ஆசப்பட்டுக்கிட்டு இருக்கதுக்கு, விட்டுட்டேன்னு சொன்னா ஒரு மரியாதையாவது இருக்கும்லா."

தயிர்ப் பைத்தியம் என்று பெயர் வாங்கிய ஒருவர், தினமும் தன் கையால் உறை ஊற்றிய ஒருவர், தயிரைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். இதைத் தியாகம் என்று மலரில் எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். சட்டியில் அவருக்கு மிச்சம் வைக்காமல் போனதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால், வைக்காதவர்களுக்கு வசதி.

அப்பா கட்டிலில் போனோடு படுத்திருந்தார். காதில் விழாது என்று நினைத்திருந்தோம். மறுநாள் சந்தைக்குப் போய் ஒரு பை நிறையப் பாகற்காய் வாங்கிவந்து அடுப்படியில் வைத்தார்.

"என்னது இது? காசியில விட்டதுல்லா" என்றார் அம்மா.

"பொரியல் வை. விட்டதத் தொட்டா என்ன ஆகுதுன்னு முதல்ல நான் பாக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா நாளைக்கு நீ தயிர ஊத்து."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா எம்பங்குத் தயிரும் ஒனக்கு."

பொரியல் நான்தான் வைத்தேன், நன்றாகவே கசந்தது. அப்பா ஒரு தட்டு முழுக்கத் தின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா எதிரே உட்கார்ந்து, "மூஞ்சியப் பாரு. சாமி தனியா வேற தண்டிக்கணுமாக்கும்" என்றார். மறுநாள் காலை அப்பா எழுந்து வழக்கம்போல் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அன்று மதியம் அப்பா தட்டைத் தொடவில்லை. அம்மாவை முதலில் உட்காரச் சொல்லி, தயிர்ச் சட்டியைப் பக்கத்தில் தள்ளி வைத்தார். அம்மா ஊற்றிப் பிசைந்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

செய்தி போய், அத்தை அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். "ஏலே தம்பி, காசித் தண்ணியில சொன்ன வாக்கு. பொண்டாட்டியும் மகளும் சொன்னா நீயும் ஆடுதியா?"

"நாந்தான்க்கா மொதல்ல ஆடுனேன். பாவக்கா தின்னேன்" என்றார் அப்பா.

"அது காயி. இது பாலு."

"மதினி, நீங்களும் ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க, உறை நல்லா விழுந்திருக்கு" என்றார் அம்மா. அத்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதன்பிறகு அம்மா இருந்த மாதங்களில், காலையில் சீனி போடாத பால், மதியம் தயிர், வெயில் நேரத்தில் டாக்டரம்மா சொன்னபடி உப்புக் குறைத்த மோர், இரவு கேழ்வரகு, கூடவே மாத்திரை. முறிந்த கை கூடியது. கால் உளைச்சல் குறைந்து, பஸ் படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். எல்லாம் தயிரால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால், தயிரால் போனது என்று சொல்கிறவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் அம்மா பசியோடு எழுந்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

பிறகு மூச்சுத்திணறல் வந்தது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். வால்வு சுருங்கிப்போய், நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். சிறு வயதுக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார்கள். அம்மா என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எந்த டாக்டரும் தலையை ஆட்டவில்லை. இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றபோது கொண்டுவந்தோம்.

அன்று என்ன நடந்தது என்பதை வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தீர்கள். கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, சங்கில் பால் எடுத்து அம்மாவின் வாயில் முதலில் ஊற்றியவர் அத்தை. பிறகு ஒவ்வொருவராக வரிசையில் நின்று ஊற்றினீர்கள். பந்தலில் பேசியவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். காசியில் விட்டதைத்தானே ஊற்றினீர்கள்? கண் மூடப்போகும் வாயில் ஊற்றினால் புண்ணியம், பசித்த சோற்றில் ஊற்றினால் பாவம் என்றால், இது எந்த ஊர் நியாயம்? பதில் இருப்பவர்கள் என்னிடம் நேரில் சொல்லலாம். பஸ் ஸ்டாண்டில் வேண்டாம்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் உண்டு. தேவைப்பட்ட நேரமெல்லாம் காரை எடுத்துவந்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்து அம்மாவைப் பார்த்துக்கொண்ட அண்ணன், மதினிக்கும், எதையும் மூடி மறைக்காமல் எங்களிடம் பேசிய டாக்டரம்மாவுக்கும், அம்மா படுத்திருந்த நாட்களில் எங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய தெருவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாகற்காய் தின்ற அப்பாவுக்கு என் தனி நன்றி.

நினைவு நாள் படையல் இலையில் தயிர் வைக்கலாமா என்று இதை எழுதும்போதே அடுப்படியில் பேச்சு நடக்கிறது. வைப்பேன். முழுச் சட்டி. வைப்பது நான்தான், பாவம் வந்தால் என் பெயருக்கு எழுதிக்கொள்ளலாம்.

முதல் பந்தி பெண்களுக்கு. ஆண்கள் காத்திருக்கவும்; பசி தாங்காதவர்களுக்கு மோர் உண்டு. அத்தை, நீங்கள் எப்போதும்வென்றான் ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் பதினோரு பேருக்குப் பரிமாறிவிட்டு உட்கார்ந்ததாக அம்மா ஒருமுறை சொன்னார். அங்கே உங்கள் முறை வரும்போது சட்டியில் என்ன இருந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. அம்மாவின் இலைக்குப் பக்கத்து இலை உங்களுக்குப் போட்டிருக்கும். வந்து உட்காருங்கள். தயிர் நான் ஊற்றுகிறேன்.